கன்சாஸ் கிரஹாம் கவுண்டி: நிலம் இருக்கிறது, ரோடு இருக்கிறது, ஆளைத்தான் காணோம்

வழிப்போக்கன்78 எழுதியது:

கன்சாஸ் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது விளக்கம் சொல்லுங்கள். ஜூன் கடைசியில் குடும்பத்தோடு கன்சாஸ் சிட்டியிலிருந்து டென்வருக்குக் காரில் போனோம். ஐ-70 நெடுஞ்சாலையில் நேராகப் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஹேஸ் வந்தபோது பெரியவள் "இதே ரோட்டையே எவ்வளவு நேரம்ப்பா பார்க்கிறது" என்று சலித்துக்கொண்டாள். சரி, வேறு பாதையில் போகலாம் என்று 183ல் வடக்கே ஏறி ஸ்டாக்டன் வந்து, அங்கிருந்து 24ம் எண் சாலையில் மேற்கே திரும்பினேன். கோல்பியில் மறுபடி ஐ-70ஐப் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

கிரஹாம் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) என்ற பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் போய்விட்டது. கீழே இறங்கினால் அடுப்பு வாயில் நிற்பது போல அனல் காற்று, இரண்டு பக்கமும் அறுப்புக்குத் தயாராக நிற்கிற கோதுமை, தொலைவில் எங்கோ ஒரு கம்பைன் அறுவடை இயந்திரம் கிளப்புகிற புழுதி. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி வரவில்லை. அப்புறம் ஒரு பழைய பிக்கப்பில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்து நிறுத்தினார், ஒன்றும் கேட்காமல் ஜாக்கியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நட்டைக் கழற்றிக்கொண்டே பேசியதில் தெரிந்தது: அவர் பார்க்கிற நிலம் 3,000 ஏக்கருக்கு மேல், பாதி குத்தகை. அவருடைய தாத்தா காலத்தில் அந்த மண் ரோட்டில் மைலுக்கு மூன்று வீடு இருந்ததாம், இப்போது ஆறு மைலுக்கு அவர் வீடு ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டேன். "பாதிப் பேர் டென்வர், பாதிப் பேர் கல்லறை" என்று சிரித்துவிட்டு, பணம் கொடுத்ததை வாங்காமல் போய்விட்டார்.

ஓட்டலில் போய்த் தேடிப் பார்த்தேன். 2020 கணக்கெடுப்பில் கிரஹாம் கவுண்டியின் மக்கள் தொகை 2,415. பரப்பு 899 சதுர மைல். அதாவது கிட்டத்தட்ட 2,330 சதுர கிலோமீட்டர், ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள். நான் திருவாரூர்க்காரன். ஏறக்குறைய அதே அளவு பூமியில் எங்கள் மாவட்டத்தில் 12 லட்சத்துக்கு மேல் இருக்கிறோம். பாலைவனம் என்றால் சரி என்று விட்டுவிடலாம், அங்கே கண்ணுக்கு எட்டின தூரம் விளைந்து கிடக்கிறதே. பின் ஏன் ஆள் இல்லை? இன்னொன்று, வழியில் நிக்கோடெமஸ் என்று ஐந்தாறு கட்டிடம் உள்ள ஒரு ஊர், அதற்குத் தேசியப் பூங்காத் துறை பலகை வைத்திருக்கிறது. அது என்ன சங்கதி? ரோடெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறதே, அதுவும் ஏன் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.


சோளக்கொல்லை எழுதியது:

மன்ஹாட்டனில் வேளாண்மைப் பக்கம் வேலை செய்கிறேன். நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, கன்சாஸ் மன்ஹாட்டன். வருடத்துக்கு நாலைந்து தடவை வயல் வேலையாக அந்தப் பக்கம் போவேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கவுண்டியே ஒரு சதுரம், பக்கத்துக்கு 30 மைல். அதை ஆறுக்கு ஆறு மைலாக 25 டவுன்ஷிப்பாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். செக்‌ஷன் ஓரமாக ரோடு. ஆள் குடியேறுவதற்கு முன்பே சர்வேக்காரன் சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனான், ஊர் அதற்கு அப்புறம்தான் வந்தது. நம் ஊரில் மாட்டு வண்டித் தடம்தான் தார் ரோடாகிறது, அங்கே தலைகீழ். சில இடத்தில் நேர் ரோடு காரணமே இல்லாமல் சட்டென்று ஒடிந்து மறுபடி நேராகப் போகும், கவனித்தீர்களா? பூமி உருண்டை, சதுரம் தட்டை, இரண்டும் ஒட்டாது. அந்த வித்தியாசத்தை அங்கங்கே கொண்டுபோய்ச் சரிக்கட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் வேகமாகப் போனால் வயலுக்குள் இறங்கிவிடுவீர்கள், நான் ஒரு தடவை இறங்கியிருக்கிறேன்.

1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர், செக்‌ஷனில் கால் பங்கு. ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் உன்னுடையது. பெரியவர் சொன்ன "மைலுக்கு மூன்று வீடு" இந்தக் கணக்குதான். இந்த 160 ஏக்கர் என்ற எண்ணைக் கிழக்கே, மழை நன்றாகப் பெய்கிற ஒஹையோ, இல்லினாய் மாதிரி இடங்களை மனதில் வைத்துப் போட்டார்கள். கிரஹாம் கவுண்டி கிடப்பதோ நூறாவது மேற்குத் தீர்க்கரேகையின் மேலேயே. ஹில் சிட்டிக்கும் மார்லண்டுக்கும் நடுவில் நீங்கள் அந்தக் கோட்டைக் காரிலேயே தாண்டியிருக்கிறீர்கள். ஜான் வெஸ்லி பவல் 1878லேயே அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார்: இந்தக் கோட்டுக்கு மேற்கே வருடத்துக்கு 20 அங்குல மழை நிச்சயமில்லை, கிழக்கத்திப் பாணி விவசாயம் நிற்காது, 160 ஏக்கர் என்பது அந்த நிலத்துக்குப் பொருந்தாத அளவு என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரயில் கம்பெனிக்கு நிலம் விற்க வேண்டும், ஊர் உருவாக்குகிறவனுக்கு மனை விற்க வேண்டும். ஏர் பிடித்தால் பின்னாலேயே மழை வரும் என்று ஒரு பழமொழி வேறு கிளப்பி விட்டார்கள்.

அதனால் அது வானம் பார்த்த பூமி. நீங்கள் பார்த்த கோதுமை செப்டம்பர் கடைசியில் விதைத்தது. குளிர்காலம் முழுக்க வளராமல் உறங்கிக் கிடந்து, மார்ச்சில் எழுந்து, ஜூன் கடைசியில் அறுப்புக்கு வரும். இந்தக் குளிர்காலக் கோதுமையில் டர்க்கி ரெட் என்ற சிவப்பு ரகத்தை 1874ல் ரஷ்யப் பேரரசின் தென்பகுதியிலிருந்து வந்த மென்னோனைட் குடும்பங்கள் மத்திய கன்சாஸுக்குக் கொண்டுவந்தார்கள், அது இல்லாவிட்டால் கன்சாஸ் இல்லை. கோதுமையை அறுத்தபின் தாளை உழ மாட்டார்கள், நின்றபடியே விட்டுவிடுவார்கள், பனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று. அடுத்த மே, ஜூனில் அந்தத் தாளுக்கு நடுவிலேயே மைலோ விதைப்பார்கள். மைலோ என்றால் சாட்சாத் நம் சோளம்தான், மக்காச்சோளம் இல்லை. (என் பெயருக்குக் காரணம் புரிந்ததா.) அது அக்டோபரில் அறுப்பு. அப்புறம் ஏறக்குறைய பதினோரு மாதம் நிலத்தைத் தரிசாக விட்டு மழையைச் சேமித்து, மறுபடி கோதுமை. மூன்று வருடத்தில் இரண்டு வெள்ளாமை.

இப்போது கணக்குப் பாருங்கள். மானாவாரியில் ஏக்கருக்கு 40 புஷல் கிடைத்தால் சுமாரான வருடம். ஒரு புஷல் 27 கிலோ, ஆக ஏக்கருக்கு ஒரு டன் சொச்சம். புஷல் 5, 6 டாலர் விற்கிற வருடத்தில் ஏக்கருக்கு 200, 240 டாலர் மொத்த வரவு, அதில் உரம், களைக்கொல்லி, டீசல், இன்சூரன்ஸ், வட்டி எல்லாம் போக வேண்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு நிலம் எப்போதும் சும்மா கிடக்கும்போது. 160 ஏக்கரில் யார் பிழைப்பது? 3,000 ஏக்கர் வைத்திருக்கிற உங்கள் பெரியவர் ஜமீன்தார் இல்லை, நடுத்தர விவசாயி. ஆலங்கட்டி மழை ஒரு அரைமணி அடித்தால் அந்த வருடம் போச்சு.


பழைய_பஞ்சாங்கம் எழுதியது:

சோளக்கொல்லை தம்பி நிலக் கணக்கைச் சரியாகச் சொன்னார். சரித்திரத்தைக் கொஞ்சம் நான் சொல்கிறேன், வழிப்போக்கன் சார் கேட்ட நிக்கோடெமஸும் அதில் வரும்.

வெள்ளைக்காரர் வருவதற்கு முன் அது காலி நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். காட்டெருமைக் (பைசன்) கூட்டமும் அதன் பின்னால் பானி, செயென் மக்களும் திரிந்த வேட்டைக்காடு. பெனோக்கீ பக்கம் ஒரு மேட்டில் கற்களை வரிசையாக அடுக்கிப் போட்ட மனித உருவம் ஒன்று இருக்கிறது, யார் எப்போது போட்டது என்று இன்றுவரை ஆராய்ச்சிதான். 1857 ஜூலையில் சாலமன் ஆற்றுப் பக்கம் கர்னல் சம்னரின் குதிரைப்படையும் செயென் வீரர்களும் மோதினார்கள். ஒரு புனித ஏரித் தண்ணீரில் கை நனைத்தால் துப்பாக்கிக் குண்டு தங்களைத் துளைக்காது என்று வைத்தியர்கள் சொன்னதை நம்பி செயென்கள் வரிசை கட்டி நின்றார்கள். சம்னர் என்ன நினைத்தாரோ, துப்பாக்கியைத் தொடாமல் வாளை உருவச் சொல்லிப் பாயவிட்டார். வாளுக்கு எதிராக அவர்களிடம் மந்திரம் இல்லை, அப்படியே கலைந்து போனார்கள். அப்புறம் பத்து வருடத்தில் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம், அந்த மக்களைத் தெற்கே தள்ளினார்கள், எருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள்.

கவுண்டிக்கு 1867ல் எல்லை போட்டார்கள். பெயர் கேப்டன் ஜான் கிரஹாமுடையது, உள்நாட்டுப் போரில் 1863ல் சிக்கமாகாவில் செத்தவர், அந்த மண்ணை அவர் பார்த்தே இருக்க மாட்டார். நிர்வாகம் என்று ஒன்று அமைந்தது 1880ல். இடைப்பட்ட காலத்தில்தான் நிக்கோடெமஸ்.

1877ல் தெற்கு மாநிலங்களிலிருந்து மத்திய அரசு ராணுவத்தை விலக்கிக்கொண்டது. அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்து பன்னிரண்டு வருடமாகியும், கென்டக்கியில் கறுப்பினக் குடும்பங்களுக்கு நிலமும் இல்லை, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அந்த நேரம் பார்த்து டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார மனை வியாபாரியும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்து, சாலமன் பள்ளத்தாக்கில் வாக்களிக்கப்பட்ட தேசம் காத்திருக்கிறது என்று துண்டறிக்கை விட்டார்கள். லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து அந்த இலையுதிர் காலத்தில் 300 பேருக்கு மேல் கிளம்பி, எல்லிஸ் வரை ரயில், அங்கிருந்து நடை. அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி பின்னாளில் சொன்னதைப் படித்தால் மறக்காது. ஊர் வந்துவிட்டது என்று கணவர் கையைக் காட்டுகிறார், இவர் பார்க்கிறார், வீடே இல்லை, தரையிலிருந்து புகை மட்டும் எழுகிறது. மரம் இல்லாத புல்வெளியில் மண்ணைக் குடைந்து வளைக்குள் குடியிருக்கிறார்கள். அழுதுவிட்டதாகச் சொல்கிறார். முன்னால் வந்தவர்களில் பல குடும்பங்கள் கையோடு திரும்பிவிட்டன. இருந்தவர்கள் முதல் குளிர்காலத்தைத் தாண்டியதற்கு, வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் மக்கள் கொடுத்த இறைச்சியும் ஒரு காரணம் என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஏருக்குக் குதிரை இல்லாமல் மண்வெட்டியால் கொத்தியே விதைத்திருக்கிறார்கள்.

நம் தமிழ் பைபிளில் நிக்கொதேமு என்று வருமே, அந்தப் பெயர்தான். ஆனால் ஊர்க்காரர்கள் இது வேறு ஆள் என்பார்கள், தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய ஒரு அடிமையைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை.

பத்து வருடத்தில் அந்த வளைகள் மேலே எழும்பிச் சுண்ணாம்புக்கல் வீடுகளாகின. தேவாலயங்கள், ஓட்டல், வங்கி, இரண்டு செய்தித்தாள்கள். கிரஹாம் கவுண்டி கிளார்க்காக இருந்த எட்வர்ட் மெக்கேப் 1882ல் கன்சாஸ் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்தலில் ஜெயித்தார். மாநிலம் தழுவிய பதவிக்கு ஒரு கறுப்பினத்தவர் ஜெயிப்பது அந்தக் காலத்தில் வடக்கே கேள்விப்படாத விஷயம்.

அப்புறம் ரயில். ஊர் பிழைக்க ரயில் வேண்டும் என்று நிக்கோடெமஸ் 1887ல் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டது. மிசூரி பசிபிக் ரயில் கம்பெனி வரவில்லை. 1888ல் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தென்பக்கமாக, சில மைல் தள்ளி. அந்த ரயில் முகாம்தான் போக் என்ற ஊர் ஆனது. நிக்கோடெமஸ் கடைக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டு, சிலர் கட்டிடத்தையே பெயர்த்துக்கொண்டு, போக் போய்ச் சேர்ந்தார்கள். அதே 1888ல்தான் மில்புரூக்கிடமிருந்து கவுண்டித் தலைநகர் ஹில் சிட்டிக்கு மாறியது. பெயரைப் பார்த்தீர்களா? மேலே சொன்ன அதே மனை வியாபாரி ஹில். மில்புரூக் இன்று தேடினாலும் கிடைக்காது.

ஆகவே என் கட்சி: மழையைக் குற்றம் சொல்வது சுலபம். எந்த ஊர் இருக்கும், எந்த ஊர் போகும் என்பதை ரயில் தண்டவாளமும் மனை வியாபாரமும் முடிவு செய்தன.


ஒண்டிக்கட்டை எழுதியது:

அப்போ நிலம் சல்லிசா கிடைக்கும்னு சொல்லுங்க. ரிடையர் ஆனதும் ஒரு நூறு ஏக்கர் வாங்கிப் போட்டா என்ன?


சோளக்கொல்லை எழுதியது:

ஒண்டிக்கட்டை, ஆள் குறைந்தால் நிலம் மலியும் என்று நினைப்பது நியாயம்தான், அங்கே நடப்பது வேறு. ஒரு கால் செக்‌ஷன் ஏலத்துக்கு வந்தால் பக்கத்து நிலக்காரர்கள் நாலு பேர் போட்டி போடுவார்கள், ஏக்கர் ஆயிரக்கணக்கில் டாலர் போகும். 3,000 ஏக்கருக்கு வாங்கின டிராக்டர் 3,200 ஏக்கரையும் உழும் அல்லவா, அந்தக் கூடுதல் 200 அவனுக்குத்தான் லாபம். உங்கள் நூறு ஏக்கரை அவனுக்கே குத்தகைக்கு விட வேண்டியதுதான்.

பஞ்சாங்கம் ஐயா, ரயில் ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது உண்மை. ஆனால் ரயில் வந்த பின்தானே கவுண்டிக்கு ஆள் ஏறியது. 1880ல் 4,000 பேருக்கு மேல், 1910ல் 8,700. அதுதான் உச்சம். ரயில் வந்த போக் ஊரும் மார்லண்டும் சேர்ந்துதான் அப்புறம் இளைத்தன. 1930களின் வறட்சியில் பெரிய சரிவு. (புழுதிப் புயலின் நடுமையம் தென்மேற்குக் கன்சாஸ், ஆனால் இங்கேயும் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகித்தான் தூங்கினார்கள்.) 1950ல் 5,000 சொச்சம். 1960ல் மட்டும் கொஞ்சம் ஏறி 5,500ஐத் தாண்டியது. அது எண்ணெய். வயல் நடுவே தலையாட்டிக்கொண்டு நிற்கிற பம்புகளைப் பார்த்திருப்பீர்கள், அவற்றின் காலம் அது, ஹில் சிட்டியில் எண்ணெய்க்கு ஒரு மியூசியமே இருக்கிறது. அப்புறம் மறுபடி இறக்கம்தான்: 2000ல் 2,946, 2010ல் 2,597, 2020ல் 2,415. ரயில் ஒரு தடவை வந்தது, இறக்கம் நூறு வருடமாக நிற்கவே இல்லையே?


கோதுமைக்காரி எழுதியது:

நீங்கள் இருவரும் ரயில், மழை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நான் அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மூன்று வருடம் குடும்பம் நடத்தியவள். என் வீட்டுக்காரர் டாக்டர். விசா பிரச்சினையால் டாக்டர் இல்லாத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தாக வேண்டும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 பேர் என்று ஒரு திட்டம் இருக்கிறது, அதில் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம், கிரஹாமுக்குப் பக்கத்துக் கவுண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் காரணம் கம்பைன். எங்கள் வீட்டுக்கு எதிரில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது கதிரடிக்க இருபது ஆள் வருவார்களாம், அவர்களுக்கு விடிவதற்கு முன் எழுந்து ஒரு வேளை, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம், சாயந்திரம், ராத்திரி என்று ஐந்து தடவை சமைத்துப் போட்டதைத்தான் எப்போதும் சொல்வார், எத்தனை பை (தித்திப்பு பை, நம் கோணிப் பை இல்லை) சுட்டேன் என்று எண்ணிக்கை சொல்வார். இப்போது அவர் பேரன் நாற்பதடி அகல வெட்டுப் பலகை வைத்த ஒரே கம்பைனில், ஏசி போட்டுக்கொண்டு, ஒரு நாளில் நூறு ஏக்கருக்கு மேல் அறுக்கிறான், பக்கத்தில் தானிய வண்டி ஓட்டுவது அவன் மனைவி. அதுவும் இல்லாதவர்கள் டெக்சாஸில் தொடங்கி கனடா எல்லை வரை கோதுமை பழுக்கப் பழுக்க வடக்கே ஏறி வருகிற கூலி அறுவடைக் குழுக்களைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இருபது ஆள் இருந்தால் டீக்கடை இருக்கும், சலூன் இருக்கும், பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் இருக்கும். ஒரு ஆளுக்கு யார் கடை போடுவார்?

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே ஒரு ஊர் செத்துப்போனதை மக்கள் தபாலாபீஸ் மூடியதை வைத்துச் சொல்ல மாட்டார்கள், ஹைஸ்கூலை எந்த வருடம் பக்கத்து ஊரோடு சேர்த்தார்கள் என்றுதான் சொல்வார்கள். ஃபுட்பாலுக்குப் பதினொரு பையன்கள் சேர மாட்டார்கள் என்பதால் எட்டுப் பேர் வைத்து ஆடுகிற ஆட்டமே தனியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே மைதானத்தில் இருக்கும், நானும் கம்பளி போர்த்திக்கொண்டு போய் விதி தெரியாமல் கை தட்டியிருக்கிறேன்.

மளிகைக்கடை ஒன்றே ஒன்று. புளி, துவரம் பருப்பு வேண்டுமென்றால் ஐந்து மணி நேரம் டென்வர். முதல் ஆறு மாதம் அழுகைதான், வில்லியானா அம்மா மாதிரி. ஆனால் எதிரில் வருகிற ஒவ்வொரு வண்டியும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கும், தெரிந்தவர் தெரியாதவர் கிடையாது. மகனுக்கு ஜுரம் என்று கடையில் ஒரு வார்த்தை சொன்னேன், ராத்திரிக்குள் வாசலில் மூன்று பாத்திரம் காசரோல், ஒன்றில் பீஃப் என்று துண்டுச் சீட்டு ஒட்டி, "உங்களுக்கு ஆகாது என்றால் டாக்டருக்கு" என்று எழுதியிருந்தது! அவ்வளவு நல்ல மனிதர்கள். மூன்று வருடம் முடிந்ததும் நாங்களும்தான் கிளம்பிவிட்டோம். மாநில அரசு 2011ல், இப்படிப்பட்ட கவுண்டிகளில் குடியேறுகிறவர்களுக்குப் படிப்புக் கடனில் 15,000 டாலர் வரை கட்டுகிறோம் என்றெல்லாம் திட்டம் கொண்டுவந்தது. அதை நம்பி வந்தவர்களையும் பார்த்தேன், பிள்ளைக்குப் பல் டாக்டர் எழுபது மைல் என்றதும் யோசிக்கிறார்கள்.


பழைய_பஞ்சாங்கம் எழுதியது:

அம்மா சொன்னதற்குத் தலை வணங்குகிறேன், என் ரயிலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்கிறேன். 1987ல் ஃபிராங்க், டெபோரா பாப்பர் என்ற நியூஜெர்சித் தம்பதி, இந்தச் சமவெளிக் கவுண்டிகள் காலியாவதைப் பார்த்துவிட்டு, பேசாமல் பெரிய பரப்பை எருமைகளுக்கே திருப்பி விட்டுவிடலாம் என்று எழுதினார்கள். கன்சாஸில் எந்த ஊர் காபிக்கடையிலும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் கோபம் ஆறவில்லை. எனக்கும் அந்த யோசனை பிடிக்காது. அவர்கள் வரைபடத்தில் காலி என்று பார்த்த இடத்தில்தான் கோதுமைக்காரி அம்மா வாசலுக்குக் காசரோல் வந்திருக்கிறது.


வழிப்போக்கன்78 எழுதியது:

ஒரு கேள்விக்கு இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. நான் டெல்டாக்காரன், கண் தானாகத் தண்ணீரைத் தேடும். மார்லண்ட் தாண்டி ஹாக்ஸி நெருங்கும்போது வட்ட வட்டமாகப் பச்சை மக்காச்சோளம், பெரிய தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. வானம் பார்த்த பூமி என்றீர்களே, அங்கே ஏது தண்ணீர்?


சோளக்கொல்லை எழுதியது:

நல்ல கண் உங்களுக்கு. அதற்கு அடியில் ஓகலாலா என்ற பெரிய நிலத்தடி நீர்ப்படுகை, தெற்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை நீள்கிறது. கிரஹாம் கவுண்டி அதன் கிழக்கு ஓரம், மேற்குப் பகுதியில்தான் அகப்படும், அதனால் அங்கே பெரும்பாலும் மானாவாரி. ஹாக்ஸி இருப்பது பக்கத்து ஷெரிடன் கவுண்டி, அங்கே போர் போட்டு மக்காச்சோளம். மழையால் நிரம்புவதைவிட இறைப்பது பல மடங்கு என்பதால் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. ஆனால் ஷெரிடனில் ஒரு பகுதி விவசாயிகள், யாரும் கட்டாயப்படுத்தாமல், தாங்களே கூடிப் பேசி 2013லிருந்து ஐந்து வருடத்துக்கு மொத்தமாக நிலத்தில் 55 அங்குல ஆழத் தண்ணீர்தான் இறைப்பது என்று தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். முன்பு இறைத்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மகசூல் கொஞ்சம் குறைந்தது, செலவும் குறைந்ததால் கையில் நின்ற லாபம் பெரிதாக அடிபடவில்லை, நீர்மட்டம் இறங்குகிற வேகமும் தணிந்தது. முதல் ஐந்து வருடம் முடிந்ததும் அவர்களே நீட்டித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டங்கள் நடந்த விதத்தைப் பற்றித் தனித் திரியே போடலாம், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதையெல்லாம் உண்டு.


வழிப்போக்கன்78 எழுதியது:

திரி போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன். எங்கள் ஊரில் மோட்டார் வைத்திருக்கிற பங்காளிகளுக்கும் அனுப்புகிறேன். அடுத்த முறை நிக்கோடெமஸில் இறங்கி நிதானமாகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், எப்போது போனால் நல்லது?


பழைய_பஞ்சாங்கம் எழுதியது:

ஜூலை கடைசி வார இறுதி. இன்று அந்த ஊரில் குடியிருப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை, ஆனால் வருடா வருடம் அந்த மூன்று நாள் டென்வர், கலிபோர்னியா என்று நாலு திசையிலிருந்தும் வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் வந்துவிடுவார்கள். ஆகஸ்ட் 1 விடுதலை நாள் கொண்டாட்டமாக ஆரம்பித்தது, 1834ல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த நாள் அது. 1939ல் கட்டின சுண்ணாம்புக்கல் டவுன்ஷிப் மண்டபத்தில்தான் எல்லாம் கூடும், 1996ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தபின் பூங்காத் துறைக்காரர்கள் அங்கே இருந்து விளக்கம் சொல்கிறார்கள். பவுடர் பூசின முகத்தோடு எண்பது வயது அக்காக்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லறைகளைக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன், நம் ஊர்க் குலதெய்வக் கோவில் கொடை மாதிரிதான்.


கோதுமைக்காரி எழுதியது:

போங்கள் சார், ஆனால் தொப்பி, தண்ணீர் இல்லாமல் போகாதீர்கள். 2012 ஜூனில் ஹில் சிட்டியில் 115 டிகிரி அடித்தது, செல்சியஸில் 46, நாட்டிலேயே அதிக வெப்பம் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோலை ஹில் சிட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பெரியவர் எப்போதும் அந்த வழியாக வந்துகொண்டிருக்க மாட்டார். எதிரே வண்டி வந்தால் மறக்காமல் ஒரு விரலைத் தூக்குங்கள், ஆள்காட்டி விரலை!